யார் யாருக்கு வழிவிடுவது?



அழைப்பிதழில் 'போக்குவரத்துக் கட்டுமானங்கள்' என்று போட்டிருக்கிறார்கள். சாலை, பாலம், சுரங்கம், துறைமுகம், விமான ஓடுபாதை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். அதற்குப் பாடப்புத்தகமே போதும், என்னைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியிருக்க வேண்டியதில்லை. நான் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ரயில் இப்படிப் போக வேண்டும், கப்பல் அதற்குக் குறுக்கே போக வேண்டும். யார் நிற்பது?

ஒரு பாலம் எத்தனை டன் தாங்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். கஷ்டமான கணக்குதான், ஆனாலும் விடை உண்டு. யாருக்காக யார் காத்துக் கிடப்பது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. கடற்படை ஒன்று சொல்லும், நகராட்சி ஒன்று சொல்லும், வியாபாரிகள் வேறொன்று சொல்வார்கள். யார் கை ஓங்கியிருக்கிறதோ அவர்கள் பேச்சு நிற்கும். பிறகு அந்தத் தீர்ப்பை இரும்பிலும் கல்லிலும் கட்டி வைத்துவிடுகிறோம். நூறு வருஷத்துக்கு அதுதான் சட்டம்.

வேல்ஸில் மெனாய் ஜலசந்தி என்று ஒன்று. தாமஸ் டெல்ஃபோர்டு 1826இல் அதன்மேல் தொங்கு பாலம் கட்டினார். அழகுக்காகத் தொங்கவிடவில்லை. பாய்மரக் கப்பல்களின் மரம் இடிக்காமல் போக 100 அடி உயரம் வேண்டும், வேலை நடக்கும்போதுகூட வழியை அடைக்கக் கூடாது என்பது பிரிட்டிஷ் கடற்படையின் நிபந்தனை. சாரம் கட்டி வளைவு எழுப்ப வழியில்லை, ஆகவே சங்கிலி. அதே ஜலசந்தியில் ராபர்ட் ஸ்டீவன்சன் ரயில் பாலம் கட்டப் போனபோதும் இதே கதைதான். அவர் கரையிலேயே பெரிய இரும்புக் குழாய்களைச் செய்து, மிதவையில் ஏற்றிக் கொண்டுபோய், நீரியல் ஜாக்கி வைத்துத் தூக்கி, 1850இல் அந்தக் குழாய்க்குள் ரயிலை விட்டார். அந்த இரண்டு பாலங்களின் உருவத்தைத் தீர்மானித்ததில் பொறியாளருக்குப் பாதிப் பங்கு என்றால், அடியில் போன கப்பலுக்கு மீதிப் பாதி.

இதை வைத்துக்கொண்டு நம் பாம்பனுக்கு வருவோம். நான் அதிக நேரம் நிற்கப்போகிற இடம் அதுதான்.

பாம்பன் பாலத்தை எதற்காகக் கட்டினார்கள் என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் ராமேசுவரம் கோயிலுக்கு என்பார்கள். கோயிலுக்குப் போகிறவர்களுக்காக அன்றைய ரயில்வே கம்பெனி இவ்வளவு பணம் போட்டிருக்காது. கண் இருந்தது இலங்கைமேல். அதற்கு முன்னால் கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் போய்க் கப்பல் ஏற வேண்டும். தனுஷ்கோடி வரை தண்டவாளம் போட்டுவிட்டால், அங்கிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான். சின்னக் கப்பலில் கடந்து, அந்தக் கரையில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போய்விடலாம். போட் மெயில் என்று நம் தாத்தாக்கள் சொன்னது இதைத்தான். ஒரே டிக்கெட்டில் ரயில், கப்பல், ரயில். தனுஷ்கோடித் துறை, தலைமன்னார்த் துறை, நடுவில் பாம்பன் பாலம் என்று மூன்று கட்டுமானங்கள் சேர்ந்தால்தான் அந்த ஒரு பயணம் நடக்கும்.

இங்கேதான் சிக்கல். ரயிலையும் கப்பலையும் சேர்த்துவைக்கக் கட்டுகிற பாலம், இன்னொரு கப்பலை மறிக்கிறது. மன்னார் வளைகுடாவிலிருந்து பாக் நீரிணைக்குப் போகிற சிறு கப்பல்களுக்குப் பாம்பன் கால்வாய் ஒன்றே வழி. அதை அடைத்தால் இலங்கையையே சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

மேலே தூக்கிக் கட்டிவிட்டால் என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ரயிலுக்கு ஏற்றம் பிடிக்காது. 100 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறலாம் என்பதே தாராளம். 20 மீட்டர் உயரம் வேண்டுமென்றால் ஒரு பக்கத்துக்கு மட்டும் 2 கிலோமீட்டர் சரிவு வேண்டும், இறங்குவதற்கு இன்னொரு 2 கிலோமீட்டர். பாம்பனில் கடலே மொத்தம் 2 கிலோமீட்டர்தான். போதாக்குறைக்கு அந்தக் காற்று. அதனால் தண்ணீரை ஒட்டியே தாழ்வாகக் கட்டி, நடுவில் ஒரு கண்ணை, அதாவது இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியை, மட்டும் திறந்து மூடும்படி வைத்தார்கள். 1911இல் வேலை தொடங்கி, 1914 பிப்ரவரி 24ஆம் தேதி பாலம் திறந்தது. சாதாரணக் கண்கள் 145, ஒவ்வொன்றும் 40 அடி. நடுவில் இருந்த தூக்குப் பாலம் மட்டும் சுமார் 200 அடி.

அந்தத் தூக்குப் பாலத்துக்குப் பின்னால் சிகாகோக்காரர் ஒருவர் இருக்கிறார், வில்லியம் ஷெர்சர். சிகாகோ ஆற்றில் அந்தக் காலத்தில் இருந்தவை சுழல் பாலங்கள். ஆற்றின் நடுவில் ஒரு தூண், அதன்மேல் பாலம் பக்கவாட்டில் திரும்பும். அந்த நடுத்தூணே கப்பலுக்கு இடைஞ்சல். ஷெர்சர் தூணை எடுத்துவிட்டார். பாலத்தை இரண்டு கையாக வெட்டி, ஒவ்வொரு கையையும் கரைப்பக்கமாக உருண்டு மேலே எழும்படி செய்தார். அவர் 1893இல் இறந்துபோனார். அவருடைய முறையில் கட்டிய முதல் பாலங்களைச் சிகாகோ பார்த்தது 1895இல். அவர் பார்க்கவில்லை.

இது வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒவ்வொரு கையின் அடியும் கால்வட்டமாக வளைந்திருக்கும். அந்த வளைவு ஒரு இரும்புப் பாதைமேல் உட்கார்ந்திருக்கும். கையின் பின்பக்கம், தண்டவாளத்துக்கு மேலே, பெரிய எதிர்ப்பாரம். நம் ஊர்க் கிணற்று ஏற்றத்தில் பின்னால் கல்லைக் கட்டியிருப்பார்களே, அதே தத்துவம். முன்பாரத்தைப் பின்பாரம் ஈடுகட்டுவதால் நூற்றுக்கணக்கான டன் இரும்பை அசைக்கப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. அன்றைய பாம்பனில் மோட்டாரே கிடையாது. ரயில்வே ஊழியர்கள் நீண்ட நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடப்பார்கள். பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துத் திரும்பும். கை மெல்லப் பின்னால் உருண்டபடியே எழும். எழுவதோடு பின்வாங்கவும் செய்வதால் கப்பலுக்குக் கூடுதலாக இடம் கிடைக்கும். எதிர்ப்பக்கத்துக் கையையும் ஆட்கள் இப்படியே நடந்துதான் தூக்குவார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் இப்படித்தான் நடந்தது. இயந்திர யுகத்தின் சாதனை என்று நாம் போட்டோ பிடித்துக்கொண்ட பாலத்தை இயக்கியது மனிதக் கால்கள். இங்கிலாந்தில், தீஸ் ஆற்றங்கரைத் தோர்னபியில் இருந்த ஹெட் ரைட்சன் பட்டறையில் செய்த இரும்பு, பாம்பன்காரர்களின் தோள்பலம்.

சரி, யார் காத்திருந்தது? கப்பல்தான். படகோ கப்பலோ வந்தால் துறைமுக அலுவலகத்தில் சொல்லி, கட்டணம் கட்டி, நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். ரயில்வே நேரம் ஒதுக்கும்போது மொத்தமாக வரிசைகட்டிப் போக வேண்டும். ரயில் அட்டவணை முதலில், கடல் பிறகு.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு திருத்தம் மட்டும். பாம்பன் பாலத்தின் மேலிருந்து ரயில் கவிழ்ந்தது என்று இப்போதும் பலர் சொல்கிறார்கள். பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர் அடித்துச் செல்லப்பட்டது தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும்போது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள், ஒருவரும் மிஞ்சவில்லை. பாலத்தின் சேதம் தனிக்கதை. 145 கர்டர்களில் 126 கடலில் விழுந்தன. ஷெர்சரின் தூக்குக் கண் மட்டும் அப்படியே நின்றது. அசைவதற்காகக் கட்டியது அசையவில்லை, அசையாமல் இருக்கக் கட்டியவை போய்விட்டன. பழுதுபார்க்க ரயில்வே ஆறு மாதம் குறித்தது. பொறுப்பு ஏற்றவர் 32 வயதுப் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன். கடலடியில் கர்டர்கள் கிடக்கும் இடத்தை மீனவர்கள் காட்டிக்கொடுத்தார்கள், அவற்றையே தூக்கி மறுபடி ஏற்றினார்கள், 46 நாளில் ரயில் ஓடியது. பின்னாளில் கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று அவர் பெயர் நாடெங்கும் பரவியது. எனக்கென்னவோ அந்த 46 நாள்தான் பெரிதாகத் தெரிகிறது.

பாலம் மீண்டது, அதைக் கட்டிய காரணம் மீளவில்லை. தனுஷ்கோடி போயிற்று, போட் மெயிலின் பழைய வழியும் அதோடு போயிற்று. கொழும்பு வியாபாரத்துக்காகக் கட்டிய பாலம் அதன்பிறகுதான் மெய்யாகவே ராமேசுவரம் பாலம் ஆனது. கட்டுமானங்கள் இப்படித்தான், எந்த நோக்கத்துக்குப் பிறந்தனவோ அதைத் தாண்டி உயிரோடிருக்கும்.

1988 அக்டோபர் 2ஆம் தேதி பக்கத்திலேயே சாலைப் பாலம் திறந்தது. ஒரே கடல், ஒரே கால்வாய், ஒரே கப்பல், ஆனால் தீர்ப்பு வேறு. பஸ்ஸும் லாரியும் ரயிலைவிட நன்றாக ஏறும். ஆகவே சாலையை நடுவில் உயர்த்திக் கட்டினார்கள். கீழே கப்பல் போகும், மேலே பஸ் போகும், யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டியதில்லை. (நிற்கத்தான் செய்கிறார்கள். வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, கீழே ரயில் வருகிறதா என்று பார்ப்பதற்கு. அதைப் பற்றிப் போக்குவரத்துப் போலீஸ் கவலைப்படட்டும்.) அந்த இரண்டு பாலங்களையும் ஒரே பார்வையில் பார்க்கும்போது, நான் சொல்ல வந்தது முழுக்க அங்கே கண்முன் நிற்கிறது. உயர்ந்து போக முடிந்தவன் உயர்ந்து போனான், முடியாதவன் கதவு வைத்துக்கொண்டான்.

ரயில் பாலம் 2007இல் அகலப் பாதை ஆனது. 2013இல் இழுவையிலிருந்து விலகிய கடற்படைப் படகு ஒன்று அதன் தூணில் இடித்தது. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாலத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். 18.3 மீட்டர் கண்கள் 99, நடுவில் 72.5 மீட்டர் தூக்குக் கண் ஒன்று. இது உருண்டு எழாது. லிப்ட் போல நேராக 17 மீட்டர் மேலே போகும். இரு பக்கமும் கோபுரம், கம்பிவடம், மறுமுனையில் எதிர்ப்பாரம். 660 டன் கண்ணை இப்போது மோட்டார் தூக்குகிறது, நெம்புகோல் பிடித்து நடக்க ஆள் வேண்டாம். ஒரு சங்கடம் மட்டும் புதிது. பழைய பாலத்தில் இரண்டு கையும் தனித்தனி. இதில் ஒரே கண், இரண்டு முனையும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டும். ரயில் பாதுகாப்பு ஆணையர் திறப்புக்கு முன் ஆய்வு செய்து, வடிவமைப்பு நடைமுறைகள் பற்றிக் கேள்விகள் எழுப்பி, பாலத்தில் 75 கிலோமீட்டர், தூக்குக் கண்ணில் 50 கிலோமீட்டர் வேகம் என்று வரம்பு வைத்துத்தான் அனுமதித்தார். கேள்வி எழுப்பியதற்காக அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. கேள்வி கேட்பதற்குத்தானே அந்தப் பதவி!

கப்பல்தான் எப்போதும் காத்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். லண்டன் டவர் பிரிட்ஜுக்குப் போங்கள். 1885இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டே கட்டிய பாலம் அது, 1894இல் திறந்தது. நடுவழி 200 அடி, ஏறக்குறைய நம் பாம்பன் அளவு. ஆனால் அங்கே ஆறுதான் எஜமான். 24 மணி நேரம் முன்னால் எழுதிக் கொடுத்தால் போதும், கப்பலுக்கு இலவசமாகப் பாலம் திறக்கும், சாலை நிற்கும். 1997இல் அமெரிக்க அதிபர் கிளின்டன் லண்டன் வந்திருந்தார். அவருடைய கார் வரிசை போய்க்கொண்டிருக்கும்போது கிளாடிஸ் என்ற பழைய பாய்மரப் படகுக்கு முன்பதிவு நேரம் வந்துவிட்டது. பாலம் எழுந்தது. வரிசை இரண்டாக அறுந்து, பாதிக் கார்கள் அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். நம் ஊரில் ஒரு கவுன்சிலர் காருக்கு இப்படி நடந்திருந்தால் பாலத்தைத் தூக்கியவர் மறுநாள் எந்த ஊருக்கு மாற்றப்பட்டிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இரண்டு பேர் வழக்கையே இவ்வளவு நேரம் பார்த்தோம். நான்கு பேர் வந்தால்? டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்கும் ஸ்வீடனின் மால்மோவுக்கும் நடுவில் ஓரசுண்ட் ஜலசந்தி. காரும் ரயிலும் கடக்க வேண்டும். கப்பல் குறுக்கே போக வேண்டும், அதனால் உயரமான பாலம் வேண்டும். உயரமான பாலத்துக்கு உயரமான கோபுரம் வேண்டும். ஆனால் டென்மார்க் கரையிலேயே காஸ்ட்ரப் விமான நிலையம், கோபுரம் வைத்தால் விமானம் இறங்கும் பாதையில் வரும். 2000இல் திறந்த தீர்வு இது: ஸ்வீடன் பக்கமிருந்து 8 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பாலம், மேல்தளத்தில் கார், கீழ்த்தளத்தில் ரயில். பாதிக் கடலில் 4 கிலோமீட்டர் நீளத்துக்குச் செயற்கைத் தீவு. அங்கே எல்லாரும் கடலுக்கு அடியில் இறங்கி, 4 கிலோமீட்டர் சுரங்கத்தில் போய் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே வெளியே வருகிறார்கள். மேலே இருந்து பார்த்தால் பாலம் கடலுக்குள் மூழ்கிக் காணாமல் போனதுபோல் இருக்கும். பணம் இருந்தது, இரண்டு அரசுகள் ஒத்துப்போயின, ஒருவரும் காத்திருக்க வேண்டாத ஏற்பாடு அமைந்தது. எல்லா ஊருக்கும் இது கட்டுப்படியாகாது.

தீர்ப்பு எழுதிய பிறகு கப்பல் வளர்ந்துவிட்டால் என்ன செய்வது? அமெரிக்காவில் நியூஜெர்சி – ஸ்டேட்டன் தீவு நடுவே பேயோன் பாலம். தண்ணீரிலிருந்து 151 அடி உயரம், 1931க்கு அது தாராளம். பனாமாக் கால்வாயை அகலப்படுத்தினால் பெரிய கண்டெய்னர் கப்பல்கள் வரும், பாலம் இடிக்கும். வளைவை அப்படியே வைத்துக்கொண்டு, பழைய சாலையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்கு மேலே புதுச் சாலை கட்டி, 215 அடிக்கு உயர்த்தினார்கள்.

உயரத்தைக் கவனித்தார்கள். தூணைக் கவனிக்காத இடமும் உண்டு. 2024 மார்ச் 26, அதிகாலை. பால்டிமோர் துறைமுகத்திலிருந்து டாலி என்ற 300 மீட்டர்க் கப்பல் கிளம்பியது. போக வேண்டிய ஊர் நம் கொழும்பு. மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். வழியில் மின்சாரம் போய், சுக்கான் கட்டுப்பாடு இழந்து, பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் முக்கியத் தூணில் மோதியது. சில வினாடிகளில் பாலம் சரிந்தது. கப்பலிலிருந்து அபாயச் செய்தி வந்ததும் போலீஸ் இரு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டது. அதனால் எத்தனையோ உயிர் தப்பியது. பாலத்தின்மேல் பள்ளம் அடைத்துக்கொண்டிருந்த சாலைப் பணியாளர்கள் ஆறு பேர் தப்பவில்லை. அந்தப் பாலம் திறந்தது 1977இல். அன்றைய கப்பலின் அளவு வேறு. 1980இல் புளோரிடாவில் இதேபோலக் கப்பல் மோதிச் சன்ஷைன் ஸ்கைவே பாலம் விழுந்து 35 பேர் இறந்த பிறகு, அங்கே கட்டிய புதுப் பாலத்தின் தூண்களுக்குச் சுற்றிலும் தடுப்புத் திண்டுகள் வைத்தார்கள். பால்டிமோர் தூணுக்குப் போதுமான காப்பு கடைசி வரை இல்லை. பாலம் தனக்குமேல் போகிறவர்களை மட்டும் சுமப்பதில்லை, கீழே போகிறவனின் தவறையும் தாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று தேவையில்லை.

கடைசியாக நம் சென்னை. வழக்கே நடத்தாமல் ஒருதலையாகத் தீர்ப்பு எழுதிய இடம்.

பக்கிங்காம் கால்வாயை இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோம். 1806இல் எண்ணூர்ப் பக்கம் வெட்டத் தொடங்கி, கொக்ரேன் கால்வாய் என்று பெயரெடுத்து, 1870களின் பெரும் பஞ்சத்தில் கூலிக்கு ஆள் வைத்துக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இணைப்பு வெட்டி, அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைப் பெற்ற நீர்வழி அது. விறகும் உப்பும் நெல்லும் ஆந்திரக் கரையிலிருந்து படகில் சென்னைக்கு வந்தன. 1960களின் புயல்களில் அடிபட்டது, லாரி வந்தது, சாக்கடை கலந்தது. பிறகு பறக்கும் ரயில். 1997இல் திருமயிலை வரை ஓடியது. நகருக்குள் நிலம் எடுப்பது பெரும்பாடு, கால்வாய் அரசு நிலம், கேட்க ஆளில்லை. ஆகவே தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள். திருமயிலை நிலையமே கால்வாயின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரயில் தேவைதான், நானும் அதில் போகிறவன்தான். ஆனால் மெனாயில் வேலை நடக்கும்போதுகூட வழியை அடைக்கக் கூடாது என்று சொல்ல ஒரு கடற்படை இருந்தது. மயிலாப்பூர்ப் படகுக்காரனுக்காக அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை.

இதில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. 2008இல் மத்திய அரசு ஒரு நீர்த்தடத்தைத் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தது. காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை. அதில் பக்கிங்காம் கால்வாயும் அடக்கம். ஆக, சட்டத்தில் அது நீர்வழி, நேரில் ரயில் தூண்களின் வரிசை. இங்கே சிவில் படிக்கிற மாணவர்கள் இருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையத்திலிருந்து கோட்டூர்புரம் வரை நடந்து, தூணுக்கும் கரைச்சுவருக்கும் நடுவில் எத்தனை மீட்டர் மிச்சம் இருக்கிறது, நிலையங்களுக்கு அடியில் தலைக்குமேல் எத்தனை மீட்டர் இருக்கிறது என்று அளந்து வாருங்கள். எந்த அளவுப் படகு அதில் போகும் என்று நாம் உட்கார்ந்து கணக்குப் போடலாம்.